மடியில் போட்ட அழைப்பு

தலைவர் கண்ணாடி முன் நின்று தன் தங்கையை வேலையை விட்டு நீக்கிக்கொண்டிருந்தார்.

"என் கூடப் பிறந்த தங்கையாகவே இருந்தாலும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். 'கூடப் பிறந்த' என்ற இடத்தில் குரலை ஒரு படி இறக்கிப் பார்த்தார். சரியாக வந்தது. கண்ணாடிக்குள் இருந்தவர் நெகிழ்ந்துபோனார்.

"...கடமை என்று வந்துவிட்டால், இந்த நாற்காலிக்கு உறவு கிடையாது!"

நாற்காலிக்கு உறவு கிடையாது என்பது உண்மைதான். ஆனால் நாற்காலிக்காக இவர் எத்தனை உறவுகளைச் சம்பாதித்தார் என்று கட்சியில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அதற்கு இன்னொரு தொடர் வேண்டும்.

இந்த வீட்டுக்குள் இப்போதுதான் நுழைகிறவர்களுக்காக ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிடுகிறேன். முன்பக்க அறை தலைவருடையது. நகரமன்ற உறுப்பினர். நகரத்தின் அவசர உதவி அழைப்பு மையத்தையும், அங்கே ஊழியர்கள் நடத்தப்படும் விதத்தையும் கண்காணிக்கும் குழுவுக்குத் தலைவர். கண்காணிப்பு என்பது ஆண்டில் சில முறை அங்கே போய், பூங்கொத்து வாங்கிக்கொண்டு, காபி குடித்து, திருப்தி தெரிவித்துவிட்டு வருவது. வீட்டிலும் அவர் தலைவர்தான். மனைவி அந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் அதைச் சுற்றி மேற்கோள் குறி இருப்பது காதிலேயே கேட்கும்.

மனைவி தெருமுனையில் மருந்துக்கடை நடத்துகிறார். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிற பெண்மணி. கணவனைப் படிப்பதில் அவருக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை.

பின்பக்க அறை தங்கையுடையது. கல்யாணம் என்ற திட்டத்தை நிரந்தரமாக நிலுவையில் வைத்துவிட்டு, அதே அழைப்பு மையத்தில் போன் எடுக்கிற வேலை பார்ப்பவள். மையத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, மேசை எண்தான். இவள் ஏழாம் மேசை.

மையத்தின் சுவரில் பெரிய பலகை ஒன்று உண்டு. மணி அடித்து யாரும் எடுக்காமல் கொஞ்ச நேரம் போனால் பலகையில் சிவப்பு விழும். எடுத்துவிட்டால் பச்சை. எடுத்த பிறகு என்ன ஆயிற்று என்பது பலகைக்குத் தெரியாது. பலகையிடம் யாரும் அதைக் கேட்டதும் இல்லை. சிவப்பு விழுந்தால் மனிதவளப் பிரிவு விளக்கம் கேட்கும். விடுப்பு கிடைக்காது. பதவி உயர்வு பேச்சே எழாது.

இருக்க வேண்டிய ஆளில் பாதிதான் இருந்தது. அதனால் மையம் ஒரு வழி கண்டுபிடித்தது. போனை எடு. "அவசர உதவி, லைன்லயே இருங்க" என்று சொல். காத்திருப்பில் போடு. அடுத்ததை எடு. இதற்கு அங்கே 'மடியில் போடுவது' என்று பெயர். பலகையில் பச்சை, மேசையில் மட்டும் ஒரு மஞ்சள் பொத்தான் மினுக்கிக்கொண்டிருக்கும். அந்த மினுக்கலின் மறுமுனையில் ஒருவர் இருப்பார்.

போன மாதம் தலைவர் ஆய்வுக்குப் போனார். அன்று பலகையில் ஒரு சிவப்புப் புள்ளி விழக் கூடாது என்று மேற்பார்வையாளர் உத்தரவு. எல்லார் மடியிலும் ஆள் கிடந்தது. அந்த நேரம் பார்த்துப் புகைப்படக்காரர், "ஐயா ஹெட்போன மாட்டிக்கிட்டு ஒரு சீட்ல உக்காந்தா நல்லா இருக்கும்" என்றார். எந்த நாற்காலி? தங்கையின் நாற்காலிதான், வேறு எது? அவள் எழுந்தாள். எழும்போது அவள் மேசையில் ஒரு மஞ்சள் மினுக்கிக்கொண்டிருந்தது. படம் எடுத்து முடித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது அந்த மினுக்கல் இல்லை.

அதே நேரத்தில் ஊரின் மறுமுனையில் ஒரு தையற்காரம்மாவின் கணவர் ஏணியிலிருந்து தலைகுப்புற விழுந்து கிடந்தார். அந்த அம்மாள் அவசர உதவிக்குப் போன் செய்தார். ஆம்புலன்ஸ் வரவில்லை. வெகு நேரம் கழித்து ஒரு காய்கறி வண்டிக்காரர் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். உயிர் இருக்கிறது. பேச்சும் வலது கையும் போய்விட்டன.

அழைப்பு போய் விழுந்தது ஏழாம் மேசையில். முடிக்கப்பட்டதும் ஏழாம் மேசையில். போனில் பேசியவர் ஓர் ஆண் என்று தையற்காரம்மா புகாரில் சொல்லியிருந்தார். 'அழைத்தவர் பதற்றத்தில் குரலை மாற்றிப் புரிந்துகொண்டுள்ளார்' என்று மனிதவளப் பிரிவு அதைத் திருத்திக்கொண்டது.

இன்று விசாரணை. விசாரிக்கப் போகிறவர் அண்ணன். "தங்கச்சி விஷயம், நீங்க ஒதுங்கிக்கலாமே" என்று கட்சியில் சொன்னதற்கு, "ஒதுங்கினா பயந்துட்டான்னு சொல்லுவாங்க. உக்காந்து தண்டிச்சாத்தான் நடுநிலை" என்று சொல்லிவிட்டார்.

சுற்றிக் காட்டியாயிற்று. கண்ணாடி முன்னிருந்து அவர் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டார். நாமும் வரலாம்.

தங்கை ஏற்கெனவே மேசையில் இருந்தாள். எதிரே ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக ஒரு கேள்வி அவள் தொண்டையில் நின்றது. விளக்கு தானாக அணைந்ததா? அண்ணனின் முழங்கை பட்டு அணைந்ததா? கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயத்தில் கேட்காமல் இருந்தாள். இன்றும் கேட்காவிட்டால் இனி கேட்க வாய்ப்பில்லை.

"அண்ணா, உங்கள ஒண்ணு கேக்கணும்."

"விசாரணை பத்தின்னா கேக்காதே. நான் இப்ப உன் அண்ணன் இல்ல."

"எப்பலேருந்து?" என்றார் அண்ணி, அடுப்பிலிருந்து திரும்பாமல்.

"கூட்டம் ஆரம்பிக்கறதுலேருந்துதான். ஆனா இப்பவே பழகிக்கணும்ல?"

"கூட்டம் இன்னும் ஆரம்பிக்கல. அவ கேக்கட்டும்."

தங்கை கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஆய்வுக்கு வந்தன்னைக்கு என் சீட்ல உக்காந்தீங்கல்ல, போட்டோவுக்கு. அப்ப ஹெட்போன்ல ஏதாவது கேட்டுதா?"

"கேட்டுதாவா? பேசவே பேசினேனே!" தலைவரின் முகம் மலர்ந்தது. "மஞ்சளா ஒரு பட்டன் மினுக்கு மினுக்குன்னு மினுக்கிட்டிருந்துச்சு. அழுத்தினேன்."

மினுக்குகிற எதைப் பார்த்தாலும் அழுத்திவிடுவது தலைவரின் சுபாவம். வீட்டில் சலவை இயந்திரம் இரண்டு முறை பழுதானது அதனால்தான்.

"உங்க சூப்பர்வைசர் பிரமாதமா ஏற்பாடு பண்ணியிருந்தான். ஒரு அம்மா பேசினாங்க. என்னமா அழுதாங்கங்கறே! மேடையில ஏத்திவிட்டா பரிசோடதான் இறங்குவாங்க."

கோப்பை மேசைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணா?"

"மனு குடுக்க வர்றவங்ககிட்ட என்ன சொல்லுவேனோ அதான். 'கவலைய விடுங்கம்மா. உங்க விஷயம் என் கவனத்துக்கு வந்தாச்சு. இனிமே அது என் பொறுப்பு. நிம்மதியா இருங்க.' சொல்லிட்டு வச்சுட்டேன். அந்த நேரத்துல எடுத்ததுதான் அந்தப் படம். வாய் லேசாத் திறந்திருக்கும், பாரு."

பார்க்கத் தேவையில்லை. வரவேற்பறைச் சுவரில் ஒரு மாதமாகச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. ஹெட்போனோடு அண்ணன். கருணை வழியும் முகம். வலது கையின் சுட்டுவிரல் ஒரு பொத்தான் மேல். தினமும் அதைக் கடந்துதான் அவள் வேலைக்குப் போய் வந்தாள்.

"அண்ணா, அது ஏற்பாடு..."

வாசலில் ஹார்ன் அடித்தது. தலைவர் எழுந்தார். எழும்போதே அண்ணன் என்பவர் கழன்று நாற்காலியிலேயே தங்கிவிட்டார்.

"மீதி எதுவா இருந்தாலும் குழு முன்னாடி சொல்லுங்க" என்று தங்கையைப் பார்த்துப் பன்மையில் சொல்லிவிட்டுப் போய்க் காரில் ஏறினார்.

அண்ணி அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டே வந்து தங்கைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அது ஏற்பாடு பண்ணினது இல்ல. அப்படித்தானே?"

"இல்ல அண்ணி."

"அந்தத் தையற்காரம்மா."

தங்கை தலையசைத்தாள்.

அண்ணி ஆறிப்போன ரொட்டித் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார். ஒரு குடும்பத்தின் தலையெழுத்து மாறும்போது பக்கத்தில் ஒரு ரொட்டி கிடப்பதில் எந்த அழகும் இல்லை. ஆனால் அதுதான் கிடந்தது.

"அவருக்குத் தெரியாது அண்ணி. நெஜமாவே தெரியாது. அவர் போற இடத்துல எல்லாமே ஏற்பாடுதானே. இதையும் அப்படித்தான் நெனச்சிருக்கார்."

"தெரியாதுங்கறது உங்க அண்ணனுக்கு இன்னொரு பதவி. அதுல மட்டும் எப்பவும் போட்டியில்லாம ஜெயிச்சிட்டே இருக்கார்." அண்ணி குரலைத் தாழ்த்தினார். "நீ இன்னைக்குச் சொல்லிடுவியா?"

"சொன்னா என்ன ஆகும்?"

"கட்சி கைகழுவிடும். ஊர் சிரிக்கும். அந்த மனுஷனுக்கு வேற எந்த வேலையும் தெரியாது. சொல்லலைன்னா உன் வேலை போகும். உனக்கும் வேற எந்த வேலையும் தெரியாது. நல்ல குடும்பம்தான் போ."

"எழுந்தது நான்தானே அண்ணி? மடியில ஒருத்தங்க கிடக்கறாங்கன்னு தெரியும். வேற யார் வந்து கேட்டிருந்தாலும், 'போய்யா, வேலையப் பாக்க விடு'ன்னு சொல்லியிருப்பேன். அண்ணனாச்சேன்னு எழுந்துட்டேன்."

"இதையே அங்க போய் அழுதுகிட்டு சொல்லாதே. உன்னை நிக்கவச்சு, பலியாட்டுக்குப் போடற மாதிரி மாலை போட்டு அனுப்பிடுவானுங்க." அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "கேளு. அவர் வாயாலேயே அவர் சொல்லணும். நீ சொன்னா, வேலைக்காகத் தங்கச்சி அண்ணனக் காட்டிக்குடுத்துட்டாள்னு ஆயிடும். நான் அவர்கிட்டப் பேசறேன். அதுவரைக்கும் நீ அவர் பேர எடுக்காதே. பொய்யும் சொல்லாதே. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் நிக்க முடியுமோ நில்லு."

"எவ்வளவு நேரம் அண்ணி நிக்க முடியும்?"

"எனக்கென்ன தெரியும்? லைன்ல காக்க வைக்கிறது உங்க தொழில்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அண்ணிக்கு உறைத்தது. தங்கை கோபப்படவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அண்ணி கணவனுக்குப் போன் செய்தார். மணி அடித்து ஓய்ந்ததும், தலைவரே தன் குரலில் பதிவு செய்து வைத்திருந்த வாசகம் வந்தது. "வணக்கம். நான் மக்கள் பணியில் இருக்கிறேன். உங்கள் அழைப்பு எனக்கு முக்கியமானது." மறுபடி செய்தார். மறுபடியும் அவர் மக்கள் பணியில் இருந்தார். மருந்துக்கடையைத் திறந்து, இருமலுக்கு வந்தவருக்குக் காதுச் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி வைத்துவிட்டு, மறுபடியும் செய்தார்.

நகரமன்றக் கூட்ட அறையில் எல்லா நாற்காலிகளும் ஒரே உயரம். தலைவருடையது மட்டும் சற்றுக் கூடுதல். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக். பேசும்போது அதன் கழுத்தில் சிவப்பு விளக்கு எரியும். பார்வையாளர் பகுதியில் சில ஊழியர்கள், இரண்டு நிருபர்கள், அதே புகைப்படக்காரர்.

முதலில் மனிதவள இயக்குநர் எழுந்தார். முன்பு இவருடைய பதவிக்குப் பணியாளர் அலுவலர் என்று பெயர். மனிதர்களைக் குறைத்து வளத்தை மட்டும் மிச்சம் வைத்த பிறகு பெயரையும் மாற்றிக்கொண்டார்.

"சம்பந்தப்பட்ட அழைப்பு, அந்த மாதத்திலேயே மிகக் குறைந்த நேரத்துல முடிக்கப்பட்ட அழைப்பு. செயல்திறன் அடிப்படையில பார்த்தா இது ஒரு சாதனை. தலைவரவர்கள்கூட ஆண்டுவிழா உரையில இதைக் குறிப்பிட்டுப் பாராட்டினாங்க."

தலைவர் அடக்கமாகத் தலையசைத்தார். பிறகு, அதே அழைப்புக்காகத்தான் இன்று கூடியிருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து, அசைத்த தலையை நிறுத்தினார்.

"ஆனா விளைவு துரதிருஷ்டவசமானது. ஏழாம் மேசை ஊழியரின் அலட்சியமே காரணம். பணிநீக்கம் செய்யப் பரிந்துரைக்கிறோம்."

குழுவில் எதிர்வரிசைக்காரர் ஒருவர் உண்டு. தொழிலில் பல் டாக்டர். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நிதானமாக அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிடுங்குவார்.

"பேசினது ரெகார்ட் ஆகியிருக்குமே?"

"இல்லீங்க. அழைச்சவங்க இருக்கற இடத்தைப் பதிஞ்சாத்தான் ரெகார்டிங் ஓட ஆரம்பிக்கும். இதுல இடம் பதியப்படல."

"ஏன்?"

"கேக்கப்படல."

பல் டாக்டர் தங்கையின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இத்தனை வருஷ அனுபவம் உங்களுக்கு. இடத்தைக் கேக்க மறந்துட்டீங்களா?"

தங்கையின் மைக்கில் சிவப்பு எரிந்தது. "மறக்க முடியாதுங்க. தூக்கத்துல எழுப்பினாக்கூட அதைத்தான் முதல்ல கேப்போம். எங்க இருக்கீங்க? என்ன ஆச்சுங்கறதெல்லாம் அப்புறம்தான். இடம் தெரிஞ்சுட்டா, லைன் கட்டானாலும் வண்டி போயிடும்."

"அப்ப ஏன் கேக்கல?"

"அந்த அழைப்ப எடுத்து மடியில போட்டது நான்தான். அதுக்கப்புறம் பேசினது நான் இல்ல."

"மடியிலன்னா?"

"அப்படி ஒரு நடைமுறை நம்ம மையத்துல இல்லவே இல்ல" என்றார் இயக்குநர் வேகமாக.

பார்வையாளர் பகுதியிலிருந்த ஊழியர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தங்கள் மடியைக் குனிந்து பார்த்தார்கள்.

தங்கை சொன்னாள். பலகையைப் பற்றி, சிவப்பைப் பற்றி, விடுப்பு மறுக்கப்பட்டவர்களைப் பற்றி, மினுக்கும் பொத்தானைப் பற்றி. குரல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. நெருப்புக்கு நடுவில் நிற்பவனிடம் கதவு எந்தப் பக்கம் என்று கேட்டுப் பழகிய குரல் அது. இயக்குநர் இடையிடையே "இல்லவே இல்ல" என்று தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார் பல் டாக்டர். "நீங்க பேசல. அப்ப உங்க நாற்காலியில யாரு இருந்தா?"

அறையில் இரண்டு பேருக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரிந்தது. ஒருத்தி தங்கை. இன்னொருவர் மேற்பார்வையாளர். அந்த ஆய்வு நாளில் நாற்காலியைத் தன் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தவரே அவர்தான். இப்போது அதே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதென்ன கேள்வி?" என்றார் தலைவர். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் நினைவில் அது ஒரு நாற்காலி இல்லை, ஒரு புகைப்படம்.

"விதிப்படி, நாற்காலி யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கோ அவங்கதான் அதுல இருந்ததாப் பொருள்" என்றார் இயக்குநர்.

"நான் விதியக் கேக்கல. ஆளக் கேக்கறேன். யாரும்மா?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணி ஏன் இன்னும் பேசவில்லை? பேசியிருந்தால் இந்த முகம் இப்படியா இருக்கும்? மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்த அவருடைய போன் மெல்ல அதிர்ந்து நகர்ந்தது. அவர் அதைத் தட்டி அடக்கினார்.

"நான் பொய் சொல்ல மாட்டேங்க" என்றாள் தங்கை. "ஆனா அந்தப் பதில நான் சொல்ல மாட்டேன்."

"இது ஒத்துழையாமை!" தலைவர் எழுந்துவிட்டார். எழுந்ததும் புகைப்படக்காரரும் எழுந்தார். இருவருக்கும் அப்படி ஒரு பழக்கம். "இதற்கு மேல் விசாரிக்க எதுவுமில்லை. என் கூடப் பிறந்த..." குரல் ஒரு படி இறங்கியது. காலையில் வந்ததைவிட நன்றாகவே வந்தது. "...தங்கையாகவே இருந்தாலும்..."

"தலைவரே, ஒரு நிமிஷம்" என்றார் பல் டாக்டர். "புகார் குடுத்தவங்க காலையிலேருந்து வெளியில பெஞ்சுல உக்காந்திருக்காங்க. அவங்களைக் கேக்காம முடிக்கறதா?"

பாதியில் நின்ற வாக்கியத்தை விழுங்குவது தலைவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நிருபர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். "தாராளமா. வரச்சொல்லுங்க. பாதிக்கப்பட்டவங்க பக்கம்தான் இந்த நாற்காலி எப்பவும்."

தையற்காரம்மா உள்ளே வந்தார். சேலைத் தலைப்பில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. கையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய பிளாஸ்க். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. யாரிடம் பேசுவது என்று தெரியாமல் எல்லா முகங்களையும் வரிசையாகப் பார்த்தார்.

தங்கை தன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

தலைவர் தன் இடத்தைவிட்டு இறங்கி அந்த அம்மாள் அருகே போனார். அதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. கால்கள் தாமாகப் போயின. கலங்கிய முகம், பக்கத்தில் காமிரா. இந்த இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் அவர் உடம்பு தன் பாட்டுக்கு வேலை செய்யும். ஊழியர் ஒருவர் நீட்டிய கை மைக்கை வாங்கிக்கொண்டார். குனிந்தார்.

"கவலைய விடுங்கம்மா. உங்க விஷயம் என் கவனத்துக்கு வந்தாச்சு. இனிமே அது என் பொறுப்பு. நிம்மதியா இருங்க."

தையற்காரம்மாவின் தலை நிமிர்ந்தது.

முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயா, இன்னொரு தடவை சொல்லுங்க."

தலைவருக்குப் புல்லரித்தது. ஆறுதலை இன்னொரு முறை கேட்டு வாங்கிக்கொள்கிற மனுஷியை அவர் இதுவரை பார்த்ததில்லை. புகைப்படக்காரர் சரியான கோணத்தில் இருக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, இம்முறை இன்னும் நிறுத்தி, இன்னும் இழைத்துச் சொன்னார்.

"கவலைய... விடுங்கம்மா. உங்க விஷயம்... என் கவனத்துக்கு வந்தாச்சு. இனிமே அது... என் பொறுப்பு."

"அண்ணா, போதும்" என்றாள் தங்கை. மைக் இல்லாமல் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

தையற்காரம்மா கண்ணைத் திறந்தார். கத்துவார் என்று நினைத்தால் கத்தவில்லை.

"நீங்கதானா அது?"

"எதும்மா?"

"எங்க வீட்டுக்காரர் தரையில கிடந்தாரு. நான் போன் பண்ணேன். ஒரு பொண்ணு லைன்ல இருங்கன்னு சொல்லிச்சு. இருந்தேன். அப்புறம் நீங்க வந்தீங்க. இதே பேச்சு. ஒரு வார்த்தை மாறல. என் பொறுப்புன்னு சொல்லிட்டு வச்சீங்க." பிளாஸ்க்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "நான் திருப்பிப் போன் பண்ணலய்யா. அதை நெனச்சு நெனச்சுத்தான் இப்பத் தூக்கம் வரல. யாரோ பெரிய மனுஷன் மாதிரி இருக்கு, தைரியம் சொல்லிட்டாரு, மறுபடி பண்ணினா நம்பாத மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன். வாசல்ல போய் நின்னு தெருவப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

தையற்காரம்மா தலைவரை நோக்கி ஓர் அடி முன்னால் வந்தார்.

"வீடு எங்கன்னுகூட நீங்க கேக்கலியே. கேக்காததுனால, தெரியும்போல இருக்குன்னு நெனச்சுட்டேன்."

"அழைத்தவரின் மன அழுத்தம் காரணமாக..." என்று இயக்குநர் ஆரம்பித்தார். பல் டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். இயக்குநரின் வாய் தானாக மூடிக்கொண்டது.

தலைவர் மைக்கும் கையுமாக நின்றார். முகத்தில் இருந்த கருணையை எடுத்து எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. மேற்பார்வையாளரைத் தேடினார்.

"யோவ்... அது நீ ஏற்பாடு பண்ணினதுதானேய்யா?"

மேற்பார்வையாளர் எழுந்தார். கைக்குட்டையைப் பிழிந்தார். "ஐயா, பூங்கொத்து நான் ஏற்பாடு பண்ணினது. காபி நான் ஏற்பாடு பண்ணினது. கைதட்டினதுகூட நான் ஏற்பாடு பண்ணினதுதான். போன் நான் ஏற்பாடு பண்ணலீங்க."

பார்வையாளர் பகுதியில் யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

தலைவர் கடைசியாகத் தங்கையின் பக்கம் திரும்பினார். திரும்பியவர் தலைவர் இல்லை. சின்ன வயதில் சன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு, நீதான் உடைத்ததாகச் சொல்லேன் என்று கெஞ்சிய அதே அண்ணன்.

"ஏம்மா... நீ சொல்லேன்."

அன்று அவள் சொல்லியிருந்தாள். அடியும் வாங்கியிருந்தாள்.

தங்கை எழுந்து நின்றாள். மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

"மடியில ஆள் இருக்கும்போது சீட்ட விட்டு எழுந்தேன். அது என் தப்பு. எழுதிக்கோங்க." பல் டாக்டரின் பக்கம் திரும்பினாள். "அதுல உக்காந்தது யாருன்னு உக்காந்தவங்க சொல்லட்டும். அதுக்குமேல என் கையில எதுவும் இல்ல."

உட்கார்ந்தாள். கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

குழுவின் செயலர் பேனாவோடு காத்திருந்தார். அவர் வேலை எழுதுவது. எது நடந்தாலும் எழுதுவார். எதுவும் நடக்காவிட்டால் ஒருமனதாக என்று எழுதுவார்.

"தலைவரே, குறிப்புல என்னன்னு எழுதறது?"

தலைவர் மெல்லத் தன் உயரமான நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தார். கையிலிருந்த மைக்கை மேசை மேல் வைத்தார். அணைக்கவில்லை. பக்கத்தில் போன் மறுபடி அதிர்ந்தது. அதை நிமிர்த்தினார். திரையில் ஒரு பொத்தான் மினுக்கிக்கொண்டிருந்தது.

அவர் அழுத்தினார். அழுத்தியது ஸ்பீக்கர்.

மைக் அதை வாங்கிக்கொண்டது. கூட்ட அறையின் எல்லா மூலைகளிலிருந்தும், காலையிலிருந்து லைனில் காத்துக் கிடந்த அவர் மனைவியின் குரல் ஒன்றாகக் கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

தையற்காரம்மா அவரைப் பார்த்தார். பல் டாக்டர் பார்த்தார். தங்கை பார்க்கவில்லை, குனிந்து, தன் மேசை மேல் எரிந்துகொண்டிருந்த சிறிய சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குதா? நான்தான் பேசறேன். எங்க இருக்கீங்க நீங்க?"

தலைவர் வாயைத் திறந்தார். கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த எந்த வாக்கியமும் அங்கே இல்லை.

செயலர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.